ஆயில் தவறாமல் மாற்றியும் 5,100 மணியில் எஞ்சின் போனது ஏன்?

கருங்கல்

எல்லோருக்கும் வணக்கம். கரூர் பக்கம் ஒரு ஜல்லி குவாரியில் என் 20 டன் எக்ஸ்கவேட்டர் வாடகைக்கு ஓடுகிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின், புதிதாக எடுத்த வண்டி. ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் இப்போது 5,100 மணி நேரம். ஒரு மாதமாக லோடு எடுக்கவில்லை, நீலப் புகை தள்ளுகிறது, எஞ்சின் உள்காற்று வெளியேறும் பிரீதர் குழாயில் கையை வைத்தால் காற்று குபுகுபு என்று அடிக்கிறது. கடைசி 250 மணிக்குள் மட்டும் 9 லிட்டர் ஆயில் டாப் அப் செய்தோம்.

மெக்கானிக் ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உறை), பிஸ்டன், ரிங், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் பாகம்) எல்லாமே போய்விட்டது என்கிறார். நாலே முக்கால் லட்சம் எஸ்டிமேட். என் கேள்வி ஒன்றுதான். 250 மணிக்கு ஒரு முறை ஆயிலும் ஆயில் ஃபில்டரும் தவறாமல் மாற்றியிருக்கிறேன். 15டபிள்யூ-40, சிஐ-4 தரம். இருபது பில்லும் ஃபைலில் இருக்கிறது. பத்தாயிரம் மணி வரை எஞ்சினைத் தொட வேண்டியிருக்காது என்று நம்பியிருந்தேன். அப்புறம் இது எப்படி? எனக்கு ஆப்பரேட்டர் மேல்தான் சந்தேகம்.

ஜல்லி வண்டி

ஆயில் டூப்ளிகேட்டாக இருக்கும். இப்போது டப்பா, சீல், ஸ்டிக்கர் எல்லாமே அச்சு அசலாக வருகிறது. நான் 150 மணிக்கே மாற்றிவிடுகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

ஸ்பேனர் 17-19

முடிவுக்குப் போகும் முன் நாலு விஷயம் சொல்லுங்கள் அண்ணே.

ஆறு சிலிண்டரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா, இல்லை ஒன்றிரண்டு மட்டுமா? ஒன்றிரண்டு என்றால் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கில் எது அதிகம் தேய்ந்திருக்கிறது, மேல் ரிங்கா, கீழே இருக்கும் ஆயில் ரிங்கா? கிராங்க் பேரிங் எப்படி இருக்கிறது? டர்போவில் காற்று உள்ளே நுழையும் பக்கத்துச் சக்கரத்தின் இறக்கை விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா? போட்டோ எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

ஆயில் டூப்ளிகேட் என்றால் முதலில் பேரிங் பேசும். அதைப் பார்க்காமல் ஆயில் மேல் பழி போட வேண்டாம்.

கருங்கல்

மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். ஆறும் ஒரே மாதிரிதான் தேய்ந்திருக்கிறது. மேல் ரிங் கத்தி மாதிரி மெலிந்துவிட்டது, கையில் எடுத்தால் கிழிக்கிறது. லைனரின் மேல் பக்கம் நகத்தால் தடவினாலே படி தெரிகிறது. கிராங்க் பேரிங் நன்றாகவே இருக்கிறதாம், அதையே மறுபடி போடலாம் என்கிறார். டர்போ இறக்கை விளிம்பு எல்லாம் எலி கடித்த மாதிரி உருண்டு போயிருக்கிறது.

ஸ்பேனர் 17-19

அப்படியானால் ஆயிலை விட்டுவிடுங்கள். இது தூசி தின்ற எஞ்சின்.

தூசி காற்றோடு உள்ளே போனால் முதலில் டர்போவின் இறக்கையைச் செதுக்கும், பிறகு மேல் ரிங்கையும் லைனரின் மேல் பாகத்தையும் அரைக்கும். எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே காற்றுதானே போகிறது, அதனால்தான் ஆறும் ஒரே மாதிரி. அழுக்கு ஆயில் வழியாகப் போயிருந்தால் பேரிங்கும் ஆயில் ரிங்கும் முதலில் அடி வாங்கியிருக்கும். உங்கள் பேரிங் நன்றாக இருப்பதற்குக் காரணமே நீங்கள் ஆயில் ஒழுங்காக மாற்றியதுதான். அந்த இருபது பில்லும் வீண் போகவில்லை, கிராங்கைக் காப்பாற்றியிருக்கிறது.

இப்போது ஏர் ஃபில்டர் கதையைச் சொல்லுங்கள்.

கருங்கல்

ஏர் ஃபில்டரில் குறை சொல்லவே முடியாது. தினமும் சாயங்காலம் வண்டி நின்றதும் கழற்றி, டயரில் நாலு தட்டுத் தட்டி, குவாரி கம்ப்ரஸரில் காற்று அடித்து மாட்டுவார்கள். உள் ஃபில்டரும் அப்படித்தான். இது நானே போட்ட உத்தரவு. செய்யாவிட்டால் அன்றைக்கு பேட்டா கிடையாது என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். எட்டு மாதத்துக்கு ஒரு முறை வெளி ஃபில்டர் புதிது.

ஓமான் மெக்கானிக்

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். எஞ்சினைக் கொன்றது அந்த உத்தரவுதான்.

நான் பன்னிரண்டு வருடமாக ஓமானில் ரோடு வேலை வண்டிகளைப் பார்க்கிறேன். இங்கே தூசிக்குப் பஞ்சமில்லை. எங்கள் வொர்க்‌ஷாப்பில் சேரும் புதுப் பையனுக்கு முதல் பாடம், ‘இண்டிகேட்டர் சிவப்பு காட்டாமல் ஏர் கிளீனர் மூடியைத் தொடாதே’ என்பது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் சிவப்பு காட்டும் சின்னக் கருவிதான் இண்டிகேட்டர். இந்தப் பாடத்துக்குக் காரணம் இருக்கிறது. காகித ஃபில்டரில் கொஞ்சம் தூசி படிந்தால் அந்தத் தூசியே இன்னொரு சல்லடை ஆகிவிடும். புத்தம் புதிதாக இருப்பதைவிட, கொஞ்சம் ஓடிய ஃபில்டர்தான் நுண்ணிய தூசியை நன்றாகப் பிடிக்கும். தினமும் அடித்து அந்தப் படிவை எடுத்துவிட்டால் தினமும் முதலிலிருந்து தொடங்குகிறீர்கள்.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் காற்றழுத்தம். ஃபில்டர் சுத்தம் செய்ய 30 பிஎஸ்ஐ-க்கு மேல் கூடாது, அதுவும் உள்ளிருந்து வெளியே. குவாரி கம்ப்ரஸரில் 100 பிஎஸ்ஐ-க்குக் குறைந்து எங்கே வரும்? காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். டயரில் தட்டினால் ஓரத் தகடு நெளிந்து ரப்பர் சீல் உட்காராது. வெளி ஃபில்டரையே ஆறு முறை சுத்தம் செய்தாலோ ஒரு வருடம் ஆனாலோ தூக்கிப் போடச் சொல்லி மேனுவலில் இருக்கும். உள் ஃபில்டரைச் சுத்தமே செய்யக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். அது கடைசிக் காவல்காரன். வெளியது கிழிந்தால் தடுப்பதற்காக இருக்கிறது, அதையும் அடித்தால் வாசலில் யாருமே இல்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய ஃபில்டரை இருட்டறைக்குக் கொண்டுபோய் உள்ளே ஒரு பல்பை விட்டுப் பாருங்கள். பிறகு ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். அந்தக் குழாய்க்குள் ஒரு சிட்டிகை தூசிகூட இருக்கக் கூடாது.

கருங்கல்

துடைத்தேன். துணி மாவு பிசைந்த கை மாதிரி ஆகிவிட்டது. பல்பு விட்டதில் மடிப்பு ஓரமாக ஏழெட்டுப் பொட்டு வெளிச்சம். இதெல்லாம் போதாது என்று, ரப்பர் குழாயில் கிளாம்புக்கு அடியில் அரை விரல் நீளத்துக்கு வெடிப்பு. கிளாம்பு மறைத்துக்கொண்டிருந்ததால் வெளியே தெரியவில்லை.

இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஆப்பரேட்டர் மேல் சந்தேகம் என்று எழுதியிருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன். அந்தப் பையன் நான் சொன்னதை நான் சொன்னபடியே செய்திருக்கிறான்.

பழைய டோசர்

தம்பி, வருத்தப்படாதே. சுரங்கத்தில் டோசர், டம்பர் என்று 31 வருடம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அக்கறையால் செத்த எஞ்சின்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபில்டரை டீசலில் முக்கிக் கழுவி வெயிலில் காயவைத்து மாட்டியவர்கள் உண்டு. டிராக் செயின் தொங்குகிறதே என்று விறைப்பாக இழுத்துக் கட்டி, ஆறு மாதத்தில் புஷ்ஷையும் ஸ்பிராக்கெட்டையும் தின்ன விட்டவர்கள் உண்டு. செயினுக்குத் தொய்வு வேண்டும். சேற்றில் வேலை என்றால் இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டும், ஏனென்றால் மண் அடைத்துக்கொண்டால் அதுவே இறுகிவிடும்.

மேனுவலில் போட்டிருக்கும் மணிக்கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 250, 500, 1000, 2000 என்று அட்டவணை போட்டிருப்பான். அது சாதாரண வேலைக்கு. மீட்டருக்கு வண்டி ஐட்லிங்கில் நிற்பதும் தெரியாது, கல்லை உடைப்பதும் தெரியாது. பக்கெட்டுக்குப் பதில் கல் உடைக்கும் பிரேக்கர் மாட்டினால் கணக்கே வேறு. சாதாரணமாக ஹைட்ராலிக் ஆயில் இரண்டாயிரம் மணி, அதற்கு மேலும் ஓடும். முழு நேரமும் பிரேக்கர் என்றால் 600 மணியில் மாற்று, ஃபில்டரை 100 மணியில் மாற்று என்று சில கம்பெனி மேனுவலிலேயே தனிப் பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் திருப்புவதில்லை. பெரிய வண்டிகளில் எத்தனை மணி என்று பார்க்காமல் எத்தனை லிட்டர் டீசல் எரித்தது என்று பார்த்து எஞ்சின் ஆயில் மாற்றும் முறையும் உண்டு. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. உழைத்த அளவுக்குத்தானே சாப்பிடும்!

ஜல்லி வண்டி

டூப்ளிகேட் ஆயில் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. வெளி ஃபில்டர் மூவாயிரத்துச் சொச்சம். ஜல்லி குவாரியில் இண்டிகேட்டர் பத்து நாளுக்கு ஒரு முறை சிவப்பு காட்டுகிறது. சும்மா சும்மா மாற்ற முடியுமா?

ஓமான் மெக்கானிக்

பத்து நாளில் சிவப்பு என்றால் சுத்தம் செய்யலாம், தப்பில்லை. 30 பிஎஸ்ஐ, உள்ளிருந்து வெளியே, பல்பு சோதனை, ஃபில்டர் மேல் மார்க்கரில் ஒரு கோடு. ஆறு கோடு ஆனால் புதிது. அதற்கு முன் மூடியில் இருக்கும் ரப்பர் வால்வை, அதாவது தூசி கொட்டும் மூக்கை, தினமும் பிதுக்கி விடுங்கள். அது அடைத்தாலோ கிழிந்தாலோ தூசி எல்லாம் ஃபில்டருக்கே போகும். ஃபில்டருக்கு முன்னால் சுழலும் பிரீ கிளீனர் ஒன்று மாட்டினால் குவாரியில் பெரிய வித்தியாசம் தெரியும்.

மூவாயிரத்தையும் நாலே முக்கால் லட்சத்தையும் நீங்களே வகுத்துப் பாருங்கள்.

லீவர் பிடிக்கிறவன்

நான் ஆப்பரேட்டர். அரியலூர் சுண்ணாம்புக்கல் பக்கம் வண்டி ஓட்டுகிறேன். ஓனர்கள் பேசும் இடத்தில் நான் பேசலாமா தெரியவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

எனக்குச் சம்பளம் போக, ஓடிய மணிக்குத்தான் பேட்டா. காலையில் கிரீஸ் அடிக்கிற அரை மணி நேரம் மீட்டரில் ஏறாது. பக்கெட், ஆர்ம், பூம் என்று கிரீஸ் ஏற்றும் எல்லா நிப்பிளுக்கும் கையால் அடித்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகும். ஏழு மணிக்கு டிப்பர் வரிசையில் நிற்கிறது, சூப்பர்வைசர் ஹாரன் அடிக்கிறான். அந்த நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? ஓனர் கேட்டால் ‘அடித்தாச்சு’ என்போம். பக்கெட் பின்னில் மட்டும் நாலு அமுக்கு அமுக்குவோம், அது வெளியே தெரியும் என்பதால். பூம் அடிப் பின் எவன் கண்ணிலும் படாது.

பிரேக்கருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கிரீஸ் வேண்டும். அதுவும் உளியைத் தரையில் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிரீஸ் மேலே பிஸ்டன் பக்கம் ஏறிச் சீலைக் கெடுக்கும். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தவனுக்கு நேரம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஏர் ஃபில்டர் அடிக்காவிட்டால் பேட்டா கட் என்ற அண்ணன், கிரீஸ் அடித்தால் பேட்டா கூட என்று சொல்லியிருக்கிறாரா?

கருங்கல்

இல்லை தம்பி. சொன்னதில்லை.

வரவுசெலவு

மூன்று பேக்ஹோ, ஒரு எக்ஸ்கவேட்டர். வண்டியைப் பார்ப்பது வீட்டுக்காரர், கணக்கைப் பார்ப்பது நான். ஆப்பரேட்டர் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எங்களிடம் ஒரு வருடத்தில் இரண்டு வண்டிக்குப் பின்னும் புஷ்ஷும் மாற்றினோம். பில்லை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் புரிந்தது. ஆயிலுக்கு பில் இருக்கிறது, ஃபில்டருக்கு பில் இருக்கிறது, அதனால் அது நடக்கிறது. கிரீஸ் அடிப்பதற்கும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதற்கும் பில் கிடையாது. கணக்கில் வராத வேலையை எவனும் செய்யமாட்டான், நான் ஆப்பரேட்டராக இருந்தாலும் செய்யமாட்டேன்.

இப்போது காலையில் அரை மணி நேரத்தை ஓடிய மணியாகவே எழுதி பேட்டா கொடுக்கிறோம். பதிலுக்கு வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ வர வேண்டும்: டிப்ஸ்டிக், கூலன்ட் மட்டம், ஏர் ஃபில்டர் இண்டிகேட்டர், அடித்த நிப்பிள்கள்.

லீவர் பிடிக்கிறவன்

அக்கா, நேற்று எடுத்த போட்டோவையே இன்றைக்கும் அனுப்புவார்கள். அனுப்பியிருக்கிறேன்.

வரவுசெலவு

தெரியும் தம்பி. இரண்டாம் வாரமே பிடித்துவிட்டேன், போட்டோவில் மழை ஈரம் இருந்தது, அன்றைக்கு எங்கள் ஊரில் கொளுத்தும் வெயில். அதிலிருந்து கூடவே மீட்டர் போட்டோவும் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எண் நகராவிட்டால் பேட்டாவும் நகராது.

ஸ்பேனர் 17-19

மேடம், இதை எங்கள் ஓனர்களுக்கு அனுப்புகிறேன்.

காலைச் சுற்றில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டீசல் லைனில் இருக்கும் வாட்டர் செப்பரேட்டரைத் திறந்து அடியில் நிற்கும் தண்ணீரை விட வேண்டும். வண்டி ஸ்டார்ட் செய்வதற்கு முன், ராத்திரி அடங்கிய பிறகு. இப்போதைய காமன் ரெயில் டீசல் பம்ப் 1,600, 2,000 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. சொட்டுத் தண்ணீர் போனாலும் இன்ஜெக்டர் முனை போய்விடும். பேரலில் டீசல் வைத்துக் கையால் ஊற்றுகிறவர்கள், பேரலை அசைக்காமல் அடியில் நாலு விரல் விட்டு எடுங்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வையுங்கள், காலி டேங்கில்தான் ராத்திரி ஈரம் வியர்க்கும். டீசல் திருட்டு பயம் என்பீர்கள். பூட்டு போடுங்கள்.

புது ஃபில்டர் மாட்டும்போது அதில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கத்தையும் விடுங்கள். ஊற்றுகிற டீசல் வடிகட்டாதது, நேராகப் பம்புக்குத்தான் போகும். காலியாக மாட்டி, கை பிரைமரில் அடித்து ஏற்றுங்கள்.

புது வண்டி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் புது பேக்ஹோவில் புகையைச் சுத்தப்படுத்த யூரியா தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். பக்கத்தில் உர யூரியாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள், விலை பத்தில் ஒரு பங்கு என்கிறார்கள். ஊற்றலாமா?

ஸ்பேனர் 17-19

வேண்டவே வேண்டாம். அது 32.5 சதவீதம், மிகச் சுத்தமான யூரியா, உப்பு நீக்கிய தண்ணீரில் கரைத்தது. உர யூரியாவில் இருக்கும் கசடும் நம் போர் தண்ணீர் உப்பும் சேர்ந்து யூரியா தெளிக்கும் இன்ஜெக்டரையும் சைலன்ஸரில் இருக்கும் கேட்டலிஸ்டையும் அடைத்துவிடும். இதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுங்கள், விரிவாக எழுதுகிறேன்.

பழைய டோசர்

போர் தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. ரேடியேட்டரில் அதை ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உப்புப் படிவது ஒரு பக்கம். லைனரின் வெளிச்சுவர் அதிரும்போது தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழி வெடித்து இரும்பைக் குடையும், ஊசி குத்திய மாதிரி. கூலன்டில் இருக்கும் மருந்துதான் அதைத் தடுக்கிறது. அது குடைந்து துளை விழுந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கும். கருங்கல் தம்பி, லைனரை வெளியே எடுத்ததும் வெளிப்பக்கத்தையும் பார்.

கருங்கல்

பார்த்தேன் ஐயா. வெளிப்பக்கம் சுத்தம். கூலன்ட் மட்டும் சரியாக ஊற்றியிருக்கிறேன், அது ஒரு ஆறுதல்.

லீவர் தம்பிக்கு ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஹோஸ் லீக் எப்படிப் பார்க்கிறீர்கள்? எங்கள் பையன் வண்டி ஓடும்போதே கையால் தடவிப் பார்க்கிறான்.

லீவர் பிடிக்கிறவன்

நானும் அப்படித்தான் அண்ணே.

ஓமான் மெக்கானிக்

தம்பி, இனிமேல் செய்யாதே. 20 டன் வண்டி ஹைட்ராலிக்கில் 350 பார் வரை போகும். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். சில மணி நேரத்தில் கை வீங்கி உள்ளே சதை செத்துப்போகும், உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரும். அட்டைத் துண்டு ஒன்றை நீட்டிப் பார், ஆயில் அட்டையில் தெறிக்கும். குத்தியது என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடு, ‘ஆயில் பிரஷரில் உள்ளே போயிருக்கிறது’ என்று டாக்டரிடம் சொல். சின்னக் காயம் என்று பிளாஸ்திரி போட்டு அனுப்பிவிடப் போகிறார்கள்.

கருங்கல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எஞ்சின் ஏறிவிட்டது. லைனர் கிட், டர்போ புதிது, பேரிங் பழையது. ஏர் குழாயும் கிளாம்பும் மொத்தமாகப் புதிது, பிரீ கிளீனர் மாட்டியாகிவிட்டது. மொத்தம் 5,12,000. கம்ப்ரஸர் பக்கம் ஃபில்டரோடு யாரும் போகக் கூடாது என்று புது உத்தரவு. அரை மணி நேர பேட்டாவும் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். ஆப்பரேட்டர் பையனிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, ‘அண்ணே, அந்த இண்டிகேட்டர் ஒரு நாளும் சிவப்பு காட்டியதே இல்லை, நான் அப்போதே சொல்லலாம் என்று நினைத்தேன்’ என்றான். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

ஒரு சந்தேகம். மெக்கானிக் முதல் பத்து மணி நேரம் வெறுமனே ஐட்லிங்கில் விடச் சொல்கிறார். சரியா?

ஸ்பேனர் 17-19

வேண்டாம். கொஞ்ச நேரம் சூடேற்றிவிட்டு மிதமான லோடு கொடுங்கள். நீண்ட நேரம் ஐட்லிங்கில் விட்டால் ரிங் லைனரோடு உட்காராது, லைனர் கண்ணாடி மாதிரி வழுவழு என்று ஆகி ஆயில் குடிக்கத் தொடங்கும். 50 மணியில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள்.

ஓமான் மெக்கானிக்

அதன் பிறகு 250 மணிக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பாட்டில் ஆயிலை லேப்புக்கு அனுப்புங்கள். சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து ஏறி, கூடவே இரும்பும் குரோமியமும் ஏறினால் தூசி போகிறது. சிலிக்கான் மட்டும் தனியாக ஏறினால் பயப்பட வேண்டாம், புது எஞ்சினில் பூசிய கேஸ்கெட் பசையாகவும் இருக்கலாம். சோடியமும் பொட்டாசியமும் ஏறினால் கூலன்ட் கலக்கிறது. 50 மணி ஆயிலை அனுப்ப வேண்டாம், புது ரிங் உட்காரும் இரும்பு எல்லாம் அதில் இருக்கும், பார்த்துப் பயந்துவிடுவீர்கள். முதல் ரிப்போர்ட் ஒன்றை வைத்து முடிவு எடுக்காதீர்கள், மூன்று ரிப்போர்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கருங்கல்

பாட்டில் வாங்கியாகிவிட்டது. டிரெய்ன் பிளக்கைக் கழற்றியதும் வருவதை அப்படியே பிடிக்கலாமா?

ஓமான் மெக்கானிக்

கூடாது. வண்டி ஓடி நின்ற சூட்டோடு கழற்றி, முதலில் வருவதை ஒரு லிட்டர் போகவிட்டு நடு ஓட்டத்தில் பிடியுங்கள். அடியில் தங்கிய கசடு முதலில் வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கொதிக்கும். ஆயிலைப் பிடிக்கும் வரை பாட்டில் மூடியைத் திறக்காதீர்கள், குவாரித் தூசி ஒரு சிட்டிகை விழுந்தால் போதும், ரிப்போர்ட்டில் மறுபடி எஞ்சின் போயிருக்கும்.